வைல்ட்கேட்டா, டெத்விஷ்ஷா? டில்லியிலிருந்து குல்மர்க் போகிறவருக்கு எந்த ஸ்கீ

போன ஜனவரியில் பனிச்சறுக்குக்காகக் காஷ்மீரின் குல்மர்க்கில் ஆறு நாள் இருந்தோம். என்னிடம் மொமென்ட் கம்பெனியின் டெத்விஷ் 104 என்ற ஸ்கீ (சறுக்குப் பலகை), மச்சினனிடம் அதே கம்பெனியின் வைல்ட்கேட் 116. இரண்டு பேருக்கும் பூட் அளவு ஒன்று என்பதால் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்கீயை மாற்றிக்கொண்டோம். டில்லி திரும்பியதிலிருந்து எதை வாங்கலாம் என்று மூன்று தமிழ் நண்பர்கள் கேட்டுவிட்டார்கள். வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க இங்கே வழியில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொமென்ட் அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ரீனோவில் இருக்கும் சின்னக் கம்பெனி. 2003இல் தொடங்கியது. ஸ்கீயை அங்கேயே சொந்தப் பட்டறையில் செய்கிறார்கள். பக்கத்திலேயே டாஹோ மலைகள். அந்த மலைகளில் சறுக்கிய ஷேன் மெக்கான்கி யோசித்து, 2002இல் வோலன்ட் கம்பெனி வெளியிட்ட ஸ்பாட்டுலா என்ற ஸ்கீதான், ஆழமான பனிக்கு ஸ்கீயைத் தலைகீழாக வளைக்கலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. நான் சொல்லப்போகும் இரண்டு ஸ்கீயும் அந்த யோசனையை வாங்கிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் போனவை.

வித்தியாசத்தைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. மயூர் விஹார் வீட்டுக் கூடத்தில், ஒரு ஜோடியின் அடிப்பாகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே போதும். வைல்ட்கேட்டில் பூட் நிற்கும் இடத்தில் இரண்டு ஸ்கீக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். அங்கே ஸ்கீ வில்லைப் போல மேலே எழும்பியிருக்கிறது, அதுதான் கேம்பர். அப்புறம் ஒட்டும். அங்கிருந்து முனைப் பக்கமும் வால் பக்கமும் நீளமாகப் பிரிந்து போய்விடும், அந்த வளைவுதான் ராக்கர். கம்பெனி இந்த வடிவத்துக்கு வைத்த பெயர் மீசை ராக்கர். பக்கவாட்டில் பார்த்தால் முறுக்கிவிட்ட மீசையேதான். டெத்விஷ்ஷில் நடு இடைவெளிக்கு முன்னும் பின்னும் இன்னும் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. ஒரு தாள் நுழைகிற அளவுதான். அதாவது மூன்று சின்ன வில். பனியைத் தொடும் இடங்கள் அதனால் கூடுகின்றன. இறுகிய பனியில் இரும்பு விளிம்பு பிடித்துக்கொள்வது அந்தக் கூடுதல் இடங்களால்தான்.

இனி குல்மர்க். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரம். கோண்டோலா என்கிற கேபிள் காரின் முதல் கட்டம் கொங்டூரி நிலையம் வரை. 2005இல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வத் மலைமுகட்டுக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். படங்களில் நாம் பார்த்து ஏங்குகிற பனியெல்லாம் அந்த மேல் கட்டத்தில்தான். நல்ல பனி விழுந்தால் உடனே அங்கே போக முடியாது. காற்று அடங்க வேண்டும், பனிச்சரிவு ஆபத்தைப் பார்த்து மேலே திறந்துவிட வேண்டும். எங்கள் ஆறு நாளில் இரண்டு நாள்தான் மேல் கட்டம் ஓடியது.

அந்த இரண்டு நாளும் வைல்ட்கேட்டுடையவை. இடுப்பு, அதாவது நடு அகலம், 116 மில்லிமீட்டர் (பெயரில் இருக்கும் எண் அதுதான்), நீளமான மீசை. முழங்கால் ஆழப் பனியில் முனை தானாக மேலே வந்து நிற்கிறது. திருப்பம் தப்பாகிப் போகிற நேரத்தில் வாலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் ஸ்கீ சொன்னதைக் கேட்கிறது. என் டெத்விஷ்ஷும் மூழ்கவில்லை, ஆனால் வேகம் குறைந்தபோது நான் எடையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. சாயங்காலம் தொடை வலித்தது. மச்சினன், “அத்தான், நாளைக்கு இதை உங்களுக்குத் தர மாட்டேன்” என்று சொல்லிவிட்டான். எனக்கும் திருப்பித் தர மனசில்லை.

மீதி நான்கு நாள்? கொங்டூரிக்குக் கீழே, நூறு பேர் ஓட்டி உழுதுபோட்ட பனி. காலையில் அது இரவுக் குளிரில் இறுகி, சிமென்ட் தரை மாதிரி சத்தம் போடும். அங்கே வைல்ட்கேட்டின் அகலம் முழங்காலுக்குப் பாரம். விளிம்பின் மேல் ஏற்றி நிறுத்தவே நேரம் எடுக்கிறது, மேடு பள்ளத்தில் முனை படபடவென்று அடிக்கிறது. டெத்விஷ் 104 சட்டென்று சாய்ந்து, கோடு போட்ட மாதிரி திரும்பியது. காட்டுக்குள் இறங்கும்போது மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு திருப்பம் போட வேண்டிய இடங்களில், அந்தப் பிடிப்பை நம்பித்தான் நான் வேகத்தோடு போனேன்.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். அக்டோபரிலேயே லீவும் விமான டிக்கெட்டும் போட்டுவிட்டு, அந்த வாரம் என்ன பனி கிடைக்கிறதோ அதில் சறுக்கப் போகிறவர் என்றால் டெத்விஷ் 104. டிசம்பர் 21இல் தொடங்கும் சில்லை கலான் என்கிற காஷ்மீரின் கடுங்குளிர் நாற்பது நாளுக்குள் போனாலும், புதுப்பனி விழும் வாரம் வாய்ப்பது அதிர்ஷ்டம்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற, பனி விழும் என்ற செய்தி வந்த மறுநாள் ஸ்ரீநகர் விமானம் ஏற முடிகிற ஆளுக்கு வைல்ட்கேட் 116. மச்சினன் அப்படிப்பட்டவன், அவன் வாங்கியது சரி. வைல்ட்கேட் 108 என்று இடையில் ஒன்று இருக்கிறது. அதை நான் ஓட்டவில்லை. டெத்விஷ் 112 பற்றியும் அதேதான்.

பழைய ஜோடி தேடுகிறவர்களுக்கு ஒரு விஷயம்: வைல்ட்கேட் முன்பு பிபி ப்ரோ என்றும், பிறகு ப்ளிஸ்டர் ப்ரோ என்றும் விற்றது. அந்தப் பெயர்களிலும் தேடுங்கள்.

பூட்டும் ஸ்கீயும் சேரும்படி பிடித்துவைக்கும் பைண்டிங் விஷயத்தில்தான் நான் சூடுபட்டேன். இந்த மாதிரி ஸ்கீ பைண்டிங் இல்லாமல் வெறும் பலகையாகத்தான் வரும். முதல் தடவை ஒரு கடையில் கொடுத்தேன். என் பூட் எது என்று கேட்காமலேயே, பொதுவான ஓர் அளவுக்குத் துளை போட்டுவிட்டார்கள். குதிகால் பாகம் பொருந்தவில்லை. துளைகளை அடைத்து, பசை காய்ந்த பிறகு தள்ளித் துளைக்க வேண்டியதாயிற்று. புது ஸ்கீயில் அந்த நான்கு அடைத்த துளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது. அதனால் பூட் ஜோடியைக் கையோடு கொண்டுபோய், பக்கத்திலேயே நில்லுங்கள். எத்தனை மில்லிமீட்டர் துளைமுனை என்று ஸ்கீயின் மேலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 3.6 அல்லது 4.1. அதைக் காட்டுங்கள். கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்துவது பைண்டிங்கின் பிரேக். அதன் அகலம் ஸ்கீயின் இடுப்பைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்: 104க்கு 110, 116க்கு 120. சின்னதை வாங்கிவிட்டால் பிரேக் கம்பி ஸ்கீயைத் தாண்டிக் கீழே இறங்காது.

விமானத்தில் இரண்டும் ஒன்றுதான். பைண்டிங்கோடு ஒரு ஜோடி சுமார் 6 கிலோ, பூட் 4 கிலோ. உள்நாட்டு விமானங்களில் வழக்கமாகக் கிடைக்கும் 15 கிலோவில் துணிமணிக்கு 5 கிலோ மிஞ்சும். கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே ஏறிவிடுங்கள்.

டில்லி வெயிலும் ஆவணி ஈரமும் ஸ்கீக்கு ஆகாது. மார்ச்சில் திரும்பியதும் விளிம்பைத் துடைத்துக் காயவைத்து, பழைய இஸ்திரிப் பெட்டியைப் புகை வராத சூட்டில் வைத்து, அடி முழுக்க மெழுகைத் தடிமனாக உருக்கிவிடுங்கள். சுரண்ட வேண்டாம். விளிம்பின் மேலும் வழிந்து மூடட்டும். என் ஜோடி இப்போது திவான் கட்டிலுக்குள் பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில்தான் மெழுகைச் சுரண்டுவேன்.