ஆக்டேவியா எலும்பு, ஆடி சட்டை: பழைய குட்டி சொகுசுக் கார்களில் ஏ3 எடுத்த கதை

2021-ல் ஆடி மாதம் முழுக்கக் கோயம்புத்தூருக்கும் சென்னைக்குமாக அலைந்தேன். கையில் இருந்தது ஒரு புது நடுத்தர செடானுக்கான காசு. மனசில் இருந்தது ஜெர்மன் பேட்ஜ். பட்டியலில் மூன்று வண்டிகள்: மெர்சிடிஸ் ஏ-கிளாஸ், பிஎம்டபிள்யூ 1 சீரிஸ், ஆடி ஏ3. மூன்றும் டீசல், மூன்றும் பழசு. முதல் இரண்டு 2013-லும், ஏ3 2014-லும் இந்தியாவுக்கு வந்தவை.

கடைசியில் எடுத்தது 2015 மாடல் ஏ3. ஆடி மாதத்தில் வண்டி வாசலுக்கு வரக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டதால் முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு ஆவணி பிறந்ததும் போய் எடுத்து வந்தேன். ஆடியை ஆவணியில் எடுத்தவன் என்று நண்பர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள்.

அழகு, வசதி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பார்க்க ஏ-கிளாஸ்தான் மூன்றிலும் அழகு. ஓட்ட 1 சீரிஸ். ஏ3 இரண்டிலும் இரண்டாம் இடம். ஆனால் பின்னால் தனியாக நீண்ட டிக்கி உள்ள ஒரே வண்டி அதுதான், மற்ற இரண்டும் ஹேட்ச்பேக். 25 லட்சம் கொடுத்து டிக்கி இல்லாத காரா என்று கேட்கும் ஊரில் ஆடி ஹேட்ச்பேக்கை விட்டுவிட்டு செடானை இறக்கியது கெட்டிக்காரத்தனம். டிக்கியில் 425 லிட்டர் இடம். ஏ-கிளாஸில் 341, 1 சீரிஸில் 360. இன்னொரு வேடிக்கை, இந்த மூன்றும் ‘குட்டி’ என்பது ஜெர்மன் கணக்கு. நம் ஊர் வரிக் கணக்கில் நாலு மீட்டரைத் தாண்டினால் பெரிய கார்தான். இவை மூன்றுமே 4.29 மீட்டரிலிருந்து 4.46 மீட்டர் வரை. அதனால் சலுகை எதுவும் கிடையாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு. அதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

சின்ன காரைச் சொகுசாக விற்பது எப்படி என்பதற்கு ஜெர்மன்காரர்கள் மூன்று வழி பிடித்தார்கள். மெர்சிடிஸ் 1982-லேயே 190 என்ற ‘பேபி பென்ஸை’ இறக்கிவிட்டது. ஆனால் அது அளவில் குறைந்த பென்ஸ், அவ்வளவுதான். உண்மையிலேயே சின்ன கார் 1996-ல் வந்த ஆடி ஏ3. அதன் அடித்தளம் ஆடிக்கென்று தனியாகச் செய்ததில்லை. அடுத்த வருடம் வந்த நாலாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கும் அதே அடித்தளம். ஸ்கோடா ஆக்டேவியா, ஆடி டிடி, சியாட் லியோன் என்று அதே எலும்புக்கூட்டின் மேல் வரிசையாக வந்தன. இந்த பேட்ஜுகளுக்கெல்லாம் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் தலைமையில் ஃபெர்டினாண்ட் பீயஹ் இருந்த காலம் அது. ஒரே அடித்தளத்தை எத்தனை பேட்ஜுக்குப் பிரித்துக் கொடுக்க முடியுமோ அத்தனைக்கும் கொடுத்தார்கள். கோல்ஃபுக்கு கோட் மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.

மெர்சிடிஸ் 1997-ல் நேர் எதிராகப் போனது. முதல் ஏ-கிளாஸ் இன்றைய ஸ்விஃப்டை விட நீளம் குறைவு. தரையை இரட்டை அடுக்காக்கி, முன்னால் மோதினால் என்ஜின் ஆட்கள் மேல் வராமல் அந்த அடுக்குக்குக் கீழே சரியும்படி செய்திருந்தார்கள். அபாரமான யோசனை. ஆனால் அதனால் வண்டி உயரமாகிவிட்டது. அதே வருடம் அக்டோபரில் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, கடமான் குறுக்கே வந்தால் ஸ்டியரிங்கை ஒடிப்பது போன்ற சோதனையைச் செய்தபோது கார் கவிழ்ந்தது. மெர்சிடிஸ் விநியோகத்தை நிறுத்திவிட்டு, சறுக்கலைத் தடுக்கும் இஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸிலும் கட்டாயமாக்கியது. சின்ன காரில் அந்தக் கருவி பரவியதற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். இந்தியாவுக்கு வந்த ஏ-கிளாஸ் அந்த உயரக் கூடு இல்லை. அது 2012-ல் பிறந்த தாழ்வான மூன்றாம் தலைமுறை.

பிஎம்டபிள்யூ 2004-ல்தான் 1 சீரிஸைக் கொண்டுவந்தது. அவர்கள் பிடிவாதம் வேறு: சின்ன காரானாலும் பின்சக்கரம்தான் தள்ள வேண்டும். 2019 வரை அதை விடவில்லை. நான் பார்த்த 118டி என்ற டீசல் 1 சீரிஸ், பெரிய 3 சீரிஸின் அடித்தளத்தைச் சுருக்கிச் செய்தது. நம் செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா வேர்ல்ட் சிட்டி ஆலையில் பூட்டிய வண்டி என்பதில் எனக்கு ஒரு தனிப் பாசம்கூட இருந்தது.

சரி, பழசு வாங்குகிறவனுக்கு இந்தக் கதை எதற்கு? பராமரிப்புக்கு. சொகுசுக் காரின் விலை வருடத்துக்கு வருடம் சரியும், உதிரி பாகத்தின் விலை சரியாது. அதனால் நாம் பார்க்க வேண்டியது அந்த பாகத்தை வேறு எந்த வண்டியோடு பங்கு போடுகிறோம் என்பதை. ஏ3 பங்கு போடுவது ஆக்டேவியாவோடு. 1 சீரிஸ் பங்கு போடுவது 3 சீரிஸோடு. சின்ன கார் வாங்கிப் பெரிய காருக்குச் செலவு செய்ய வேண்டும். ஏ-கிளாஸ் பங்கு போடுவது இன்னொரு மெர்சிடிஸோடு.

இது எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை. வாங்கி மூன்றாம் மாதம் ஏசியில் ஒரு வாடை வந்தது. ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். டாஷ்போர்டுக்குக் கீழே படுத்து, கறுத்துப்போன ஃபில்டரை உருவிப் போட்டுவிட்டு, புதுசின் அட்டைப் பெட்டியை என்னிடம் காட்டினார். பாக எண் ஐந்து, கியூ, பூஜ்யம் என்று தொடங்கியது. “இது கோல்ஃப் நம்பருங்க சார். ஆக்டேவியாவுக்கும் இதேதான். உங்க வண்டி ஆக்டேவியாதானுங்க, சட்டை மட்டும் வேற” என்றார். கேட்டதும் முகம் சுருங்கியது உண்மை. பில்லைப் பார்த்ததும் விரிந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு பெட்டியிலும் அந்த எண்ணைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஐந்து-கியூ என்றால் நிம்மதி: என்ஜின் மவுண்ட், புஷ், ஃபில்டர் எல்லாம் பெரும்பாலும் அந்த வகை. எட்டு-வி என்றால் ஏ3-க்கு மட்டுமே ஆனது, பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முகப்பு விளக்கு, பம்பர், கிரில் எல்லாம் எட்டு-வி. போன வருடம் ஒரு பைக் உரசி முகப்பு விளக்கு விரிசல் விட்டபோது, அந்த ஒற்றை விளக்குக்குச் சொன்ன விலையில் நல்ல பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கியிருக்கலாம். வெளியே தெரிவதெல்லாம் ஆடி விலை, உள்ளே தேய்வதெல்லாம் ஸ்கோடா விலை. தினமும் தேய்வது உள்ளேதானே.

கியர்பாக்ஸ் விஷயத்தில் மட்டும் ஏ3 வாங்குகிறவர்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஏ3 என்ற பெயரில் இரண்டு விதமான ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகள் இருக்கின்றன. 2.0 டீசலில் வருவது ஆறு கியர். அதன் இரட்டை கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும். 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றினால் போதும். பெட்ரோலில் வருவது ஏழு கியர், உலர் கிளட்ச். எண்ணெயின் குளிர்ச்சி இல்லாததால் நெரிசலில் ஊர்ந்தால் சூடாகும். இந்த வகைப் பெட்டிக்காக 2013-ல் சீனாவில் மட்டும் 3.84 லட்சம் வண்டிகளை ஃபோக்ஸ்வாகன் திரும்ப அழைத்தது. காந்திபுரம் சிக்னல்களில் பாதி நாள் கழிக்கிறவனுக்கு எது வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்கு விற்றவரிடம் கியர் ஆயில் மாற்றிய பில் இல்லை. “அதெல்லாம் லைஃப்டைம் ஆயில் சார்” என்றார். யாருடைய ஆயுள் என்று கேட்டிருக்க வேண்டும். முதல் வேலையாக மாற்றினேன். வடிந்த எண்ணெய் தேன் நிறத்தில் இருக்க வேண்டியது, டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது.

பென்ஸைப் பற்றி நியாயமாகச் சொன்னால் அதன் ஏழு கியர் பெட்டியும் எண்ணெய்க் கிளட்ச்தான், அதில் குறையில்லை. ஆனால் நான் ஓட்டிய ஏ180 சிடிஐ என்ற டீசல் ஏ-கிளாஸில் 2.1 லிட்டர் என்ஜினுக்கு 109 குதிரைசக்திதான். ஏ3-யில் 143. மலை ஏறும்போது வித்தியாசம் தெரியும். அதைவிட, எங்கள் தெரு முனையில் மாநகராட்சி போடாத, தெருக்காரர்களே போட்ட வேகத்தடை ஒன்று இருக்கிறது. அதில் அந்த அழகான மூக்கு ‘கர்ர்’ என்று உரசிய சத்தம் கேட்டதோடு ஆசை பாதி போய்விட்டது.

118டி-யை ஒரே ஒரு நாள், நண்பர் தயவில், பாலக்காடு வரை ஓட்டியதுதான் என் அனுபவம். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எட்டு கியர் சாதாரண ஆட்டோமேட்டிக் வெண்ணெய் மாதிரி இருந்தது, ஸ்டியரிங் இன்னும் கையில் நிற்கிறது. பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்த என் தங்கை பையன் மட்டும் தரையில் எழும்பி நிற்கும் மேட்டுக்கு இரண்டு பக்கமும் காலை விரித்தபடியே வந்தான். அந்த என்ஜினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் பின்னால் இருக்கிறது. அதைத் தொட வேண்டி வந்தால் பெரிய வேலை. அந்த பயம்தான் எனக்கு, பட்ட அனுபவம் இல்லை. தனியாளாக, ஓட்டும் சந்தோஷத்துக்காக மட்டும் வாங்குகிறவர் என்றால் என் பேச்சைக் கேட்காமல் 1 சீரிஸே எடுக்கலாம்.

மறுவிற்பனையில் ஏ3 தோற்கும் என்றுதான் நினைக்கிறேன். நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. லாரிகூட பென்ஸ் என்று பேர் வாங்கிய நாடு இது, நட்சத்திரத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. போன மாதம் சும்மா ஒரு புரோக்கரிடம் விலை கேட்டேன். வண்டியைச் சுற்றி வந்து, கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பென்ஸா இருந்தா இன்னும் ஒண்ணரை ரூபா சேர்த்துக் குடுப்பேனுங்க” என்றார். நாலு வருடத்தில் மிச்சமான பில்களை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது.

இப்போது யாராவது ஏ3 பார்க்கப் போனால், டீசல் என்றால் டைமிங் பெல்ட் மாற்றிய பில், கியர் ஆயில் பில் இரண்டையும் கேளுங்கள். டெல்லியிலிருந்து வந்த வண்டி விலை குறைவாகக் கிடைக்கும். பத்து வருட டீசலுக்கு அங்கே இருந்த தடைக்குப் பயந்து இங்கே தள்ளிவிட்டவை பல. அங்கே வாங்க வேண்டிய தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.), இங்கே கட்ட வேண்டிய வரி, மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டே பேரத்தில் உட்காருங்கள்.