28,500 ரூபா போச்சு: லேத் பட்டறையில ஒற்றைச் சாமான் செய்யக் குடுக்கப் போறாக்கள் வாசிங்க

ஆத்திரத்தோட எழுதுறன், பிழை இருந்தா பொறுத்துக்கொள்ளுங்க. பட்டறைட பேர் போடேல்ல. மட்டக்களப்பு மாவட்டத்துல மெயின் ரோட்டோரமா நெல் மில் வேலை, டிரக்டர் வேலை செய்யிற லேத் பட்டறை, அவ்வளவுதான் சொல்லுவன். போனது 28,500 ரூபா.

வேலை இதுதான். மொரிஸ் மைனர் ஒண்டுக்கு டொயோட்டா 4கே எஞ்சினும் அதுட கியர் பொக்ஸும் ஏத்தியாச்சு. மவுண்ட், கிளச், ரேடியேட்டர் எல்லாம் முடிஞ்சுது. மிஞ்சினது ப்ரொபெல்லர் ஷாஃப்ட், கியர் பொக்ஸ்ல இருந்து பின் சில்லுப் பக்கம் சுத்தைக் கொண்டுபோற தண்டு. ஷாஃப்ட்ட முன்முனை டொயோட்டா கியர் பொக்ஸுக்குள்ள போகுது, பின்முனை மொரிஸ் டிஃபரன்ஷல்ல (பின் அச்சுல இருக்கிற பல்லுப் பெட்டி) பூட்டணும். ஷாஃப்ட்ட பின் பிளாஞ்சும் (போல்ட் போட்டு இறுக்கிற வட்ட முகம்) டிஃபரன்ஷல் பிளாஞ்சும் ஒண்டோட ஒண்டு சேராது. போல்ட் ஓட்டை வட்டம் வேற, நடு மேடு வேற, மரையும் வேற. மொரிஸ்ல அங்குல மரை, டொயோட்டாவுல மில்லிமீட்டர் மரை. ரெண்டுக்கும் இடையில போட ஒரு வட்டத் தட்டு வேணும். இந்தச் சோடிக்கு ரெடிமேட்டா தேடிக் கொழும்புல வாகனச் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறுறதை விட, ஊரிலயே கடைஞ்செடுக்கலாம் எண்டுதான் போனது.

நான் குடுத்த படத்துல இருந்தது: வெளிவிட்டம் 105 மி.மீ, தடிப்பு 22 மி.மீ, இ.என். 8 (சாதா இரும்பை விட உறுதியான உருக்கு) உருளையில இருந்து ஒரே துண்டாக் கடைஞ்சது. ஒரு பக்கம் 3 மி.மீ மேடு, மற்றப் பக்கம் 3 மி.மீ பள்ளம். நாலும் நாலுமா எட்டு ஓட்டை, 45 பாகை மாறி மாறி. (இது என்ட காருக்கு எடுத்த அளவு. உங்கட பிளாஞ்சை அளக்காம இதைக் கொண்டுபோய்க் குடுத்திடாதீங்க.)

அந்த 3 மி.மீ மேடும் பள்ளமும்தான் முழு விஷயமும். ஷாஃப்டை மையத்துல பிடிக்கிறது போல்ட் இல்ல. ஓட்டை எப்பவும் போல்டை விட ஒரு நூலிழை பெரிசாத்தான் இருக்கும், இல்லாட்டிப் பூட்ட ஏலா. மேடு பள்ளத்துக்குள்ள இறுக்கமா உக்காந்தாத்தான் தட்டு நடுவுல நிக்கும், போல்ட் சும்மா இறுக்கிப் பிடிக்கும். இதை நான் வாயாலயும் சொன்னன். ரெண்டு தரம் சொன்னன்.

முதலாளி படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, வேர்னியரால ரெண்டு பிளாஞ்சையும் அளந்து, கொப்பியில நீலப் பென்சிலால எழுதினார். மேசையில கிடந்த ஒரு புல்லியை (பெல்ட் ஓடுற சக்கரம்) தூக்கி என்ட கையில வைச்சார். கண்ணாடி மாதிரி மினுங்கிச்சு. "தம்பி, நாங்க மில்லுக்கே சாமான் செய்யிறாக்கள், உங்கட குட்டிக் காருக்குச் செய்ய மாட்டமா?" எண்டார். அங்க விழுந்தன். 20,000 முற்காசு. ரெண்டு நாள்ல கோல் வந்திச்சு, "கொழும்பில இருந்து இ.என். 8 எடுக்கணும், இன்னும் 8,500 போடுங்க" எண்டு. போட்டன். 105 மி.மீ தட்டுக்கு 110 உருளையில 30 மி.மீ வெட்டினா ரெண்டேகால் கிலோ இரும்புதான், அதுக்கு 8,500ஆ? அதையாவது அண்டைக்குக் கணக்குப் பாத்திருக்கணும்.

அவர் சொன்னதுல பொய் இல்ல, அதுதான் வயிறெரியுது. மில்லுக்குச் செய்யிறாக்கள்தான். ஆனா மில் ஷாஃப்ட் சுத்துற வேகம் வேற. மொரிஸ்ல 4.22 டிஃபரன்ஷல் (சில்லு ஒருக்காச் சுத்த ஷாஃப்ட் 4.22 தரம் சுத்தும்) போட்டு 80 கி.மீட்டர்ல ஓடினா ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 3000 சுத்து. அந்த வேகத்துல தட்டு மையத்துல இருந்து 0.4 மி.மீ விலகி இருந்து, அந்த முனையில 3 கிலோ பாரம் எண்டு வைச்சாலே, 12 கிலோ அடி மாதிரி செக்கனுக்கு 50 தரம் குத்தும். டிரக்டர்ல அரை மில்லிமீட்டர் விலகல் யாருக்கும் தெரியாது. கார்ல அது சீலையும் பெயரிங்கையும் தின்னும்.

நாலு நாள் எண்டது மூண்டு கிழமை ஆச்சு. முதல் "கரண்ட் இல்ல தம்பி". மறுகா "மெஷின் மோட்டர் எரிஞ்சிட்டு". மறுகா கடைசல் செய்யிற பாஸ் (வேலையாள்) அம்பாறைக்குக் கலியாண வீட்டுக்குப் போயிட்டாராம். ஒருநாள் நேர போனா அந்த பாஸ் அங்கதான் டிரக்டர் சாமான் கடைஞ்சுகொண்டு இருக்கார்.

கடைசியாக் கைக்கு வந்த தட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சிருந்திச்சு. கடைஞ்ச சாமானுக்கு எவனாவது பெயின்ட் அடிப்பானா? எண்ணெய் பூசித்தான் தருவாங்க. அங்கயே சுரண்டிப் பாத்திருக்கணும், பாக்கேல்ல. பூட்டினன். 50 கி.மீட்டர் மட்டும் ஒண்டும் தெரியேல்ல. 55 தாண்ட சீட்டுக்குக் கீழ நடுக்கம், கல்லடிப் பாலத்தைக் கடக்கிறதுக்குள்ள கண்ணாடியெல்லாம் கிலுகிலுக்குது. வீட்ட வந்து கீழ பாத்தா கியர் பொக்ஸ்ட பின் சீலால எண்ணெய் ஒழுகுது, ரெண்டு போல்ட் இளகிக் கிடக்கு.

கழட்டி எமரி போட்டுத் தேய்ச்சன். ஓரத்தைச் சுத்தி வெல்டிங் வரை. 10 மி.மீ தகடு ரெண்டை வெட்டி ஒட்டி, மேல ஒரு சுத்துக் கடைஞ்சு, பெயின்டால மூடியிருக்கு. கிரைண்டர்ல தொட்டுப் பொறி பாத்தா நீட்டு நீட்டாப் போகுது, வெடிச்சுக் கிளைக்கிறது குறைவு. சாதா மைல்ட் ஸ்டீல். இ.என். 8ல கரி கூடுதல், பொறி கிளை விட்டு வெடிக்கும். நேர்த் தகட்டுல வைச்சா வெல்டிங் சூட்டால முகம் கோணியிருக்கு, 0.4 மி.மீ ஃபீலர் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) உள்ள போகுது. பள்ளம் 3 மி.மீ கேட்டது, ஒண்டரைதான் இருக்கு, அதுவும் லூஸ். ஓட்டையெல்லாம் கையால பஞ்ச் அடிச்சுத் துளைச்சது. எப்படித் தெரியும் எண்டா, தட்டு ஒரே ஒரு நிலையிலதான் பூட்டுப்படுது. 90 பாகை திருப்பினா ஒரு போல்ட் போகாது.

கொண்டுபோய்க் காட்டினன். முதல் கதை, "உங்கட கியர் பொக்ஸ்தான் ஆட்டம் தம்பி". டயல் கேஜை (நுணுக்க ஆட்டத்தை ஊசியால காட்டுற கருவி) கொண்டுபோய் வைச்சு 0.8 மி.மீ ஆட்டத்தை, அதாவது மையம் 0.4 விலகினதைக், கண்ணுக்கு முன்னால காட்டினன். அந்த ஊசியைப் பாத்திட்டு, "இது அளவுக்கு மிஞ்சித் துல்லியமான கேஜ், இதெல்லாம் பாத்தா உலகத்துல ஒண்டும் நேர் இல்ல" எண்டார். சிரிக்கிறதா அழுறதா. மறுகா, "இரும்புக் காசு போயிட்டு, கூலியில வேணுமெண்டா 2,000 தாறன்". 28,500க்கு 2,000! அதுவும் தரேல்ல. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பர்ல கோல் அடிக்கலாம்தான், ஆனா கையில இருக்கிறது "பிளாஞ் 1 – 28,500" எண்டு எழுதின துண்டு மட்டும். என்ன இரும்பு, என்ன அளவு, ஒண்டும் இல்ல.

10 விஷயம் எழுதலாம் எண்டுதான் தொடங்கினன், இப்ப மண்டை ஓடேல்ல. ஓடுற வரைக்கும் எழுதுறன்.

இரும்பை நீங்களே வாங்கிக் குடுங்க. வெட்டின துண்டுல உங்கட அடையாளத்தைப் பஞ்ச் அடிச்சுக் குடுங்க.

பட்டறைக்குப் போனா மினுங்குற சாமானைப் பாக்காதீங்க, அதை எங்க வாங்கினதோ தெரியாது. டயல் கேஜ் இருக்கா, நாலு ஜோ சக் (சாமானைக் கடிச்சுப் பிடிக்கிற, நாலு தாடையையும் தனித்தனியா நகர்த்தக்கூடிய பிடி) இருக்கா, ஓட்டை பிரிக்கிற டிவைடிங் ஹெட் இருக்கா எண்டு கேளுங்க. ஒரு பக்கம் கடைஞ்ச தட்டைத் திருப்பிப் போடேக்க எப்படி மையம் பிடிப்பீங்க எண்டும் கேளுங்க. தேய்ஞ்ச மூண்டு ஜோ சக்ல அப்படியே திருப்பிக் கடிச்சா அங்கயே 0.1 மி.மீ போயிடும். இந்தக் கேள்விக்கு முழிக்கிறவர் டிரக்டர் சாமானை நல்லாச் செய்யட்டும், உங்கட ஷாஃப்டைக் குடுக்காதீங்க.

பில்லுல இரும்புட தரம், மைய விலகல் 0.05 மி.மீக்குள்ள, வெல்டிங் இல்லாத ஒரே துண்டு எண்டு எழுதி வாங்குங்க. பெயின்ட் அடிச்சிருந்தா கையில எடுக்காதீங்க.

போல்ட் 8.8 உறுதித் தரத்துக்குக் கீழ போடாதீங்க. பின்முனை கழண்டா ஷாஃப்ட் ரோட்டுல விழுந்து இழுபடும், முன்முனை கழண்டு குத்தினா காரையே தூக்கும். ஷாஃப்டுக்குக் கீழ ஒரு இரும்பு வளையம் கட்டாயம் போடுங்க.

மிச்சம் பிறகு. இப்பவும் அடிச்சுப் பாத்தன், ஃபோன் ஓஃப். 28,500.