கைடு, டியூஷன், செல்போன், பழைய வினாத்தாள்: 43ஆவது கல்லை எது காட்டும்?

அக்கா மகள் பத்தாம் வகுப்பு, என் மகன் எட்டாம் வகுப்பு. இரண்டு பேரும் கோபி பக்கத்தில் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், இரண்டு பேருடைய சாயங்காலக் கணக்கும் என் தலையில். ஒரு வருடமாகக் கைடு, டியூஷன், யூடியூப், பழைய வினாத்தாள் என்று எல்லாவற்றிலும் காசும் நேரமும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. பொதுவாகப் பேசினால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும், அதனால் ஒரே ஒரு கணக்கை வைத்து ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

300க்கும் 600க்கும் இடையே 7ஆல் வகுபடும் இயல் எண்களின் கூடுதல் காண்க. பத்தாம் வகுப்பு ‘எண்களும் தொடர்வரிசைகளும்’ பாடத்துக் கணக்கு. முதல் எண் 301, கடைசி எண் 595. கழித்தால் 294, அதை 7ஆல் வகுத்தால் 42. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். 42 உறுப்புகள் என்று எழுதி, அதில் பாதி 21ஐயும் முதல், கடைசி எண்களைக் கூட்டிய 896ஐயும் பெருக்கி 18,816 என்று கோடு போட்டு முடித்தாள். உண்மையில் உறுப்புகள் 43, கூடுதல் 19,264.

முதலில் கைடு. விடை ஒத்துவரவில்லை என்றதும் கைடைத் திறந்தாள், அதில் 42க்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தது, அதையும் எழுதிக்கொண்டு டிக் அடித்துவிட்டாள். அடுத்த வாரம் எண்களை மாற்றிக் கொடுத்தேன், அதே தப்பு. கைடில் ஒவ்வொரு வரியும் சரியாக இருக்கிறது, அதுதான் சிக்கலே. நீ எங்கே சறுக்கினாய் என்று அதற்குத் தெரியாது. நம் ஈரோட்டில் பிறந்த ராமானுஜனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன, நிரூபணம் பெரும்பாலும் கிடையாது, அதனால் அவரே சிலேட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டார். நம் கைடு அதற்கு நேர் எதிர், போட்டுப் பார்க்க ஒரு வரிகூட மிச்சம் வைக்காது. (எல்லாரும் ராமானுஜன் ஆக முடியுமா என்று கேட்காதீர்கள், அவளுக்கு வேண்டியது 90 மார்க்தான்.) ஒரு மார்க் கேள்விகளுக்குக் கைடு உதவும், அது போதும்.

டியூஷன். மாதம் 800 ரூபாய், வாரம் 5 நாள், ஒரே அறையில் 30 பிள்ளைகள். வாத்தியார் நன்றாகத்தான் நடத்துவார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 30 நோட்டில் ஒரு நோட்டுக்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? சிவப்புப் பேனாவில் +1 போட்டுத் திருத்தி அடுத்த நோட்டுக்குப் போய்விட்டார். பள்ளி விட்டு, பஸ் பிடித்து, ஒரு பன்னும் டீயுமாக ஏழரை வரை உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளைக்கு அப்புறம் வீட்டில் சொந்தமாக ஒரு கணக்கு போடத் தெம்பு இருக்காது. அதே நேரம், வீட்டில் உட்காரவே உட்காராத பிள்ளைக்கு டியூஷன்தான் கதி, தினமும் ஒரு மணி நேரமாவது பேனா ஓடும். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் தேறினான்.

செல்போனைப் பற்றி எனக்கு இரண்டு கருத்து. செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் வீடியோவை மிஞ்ச ஆளில்லை. கவராயத்தை எங்கே ஊன்றுவது, எந்த வில்லை முதலில் வெட்டுவது என்று ஒரு கையைப் பார்த்துக் கற்பதுபோல் அச்சில் கற்க முடியாது. பொதுத்தேர்வில் இந்த இரண்டு கேள்விகளும் எட்டு எட்டு மார்க், மொத்தம் 16, கை பழகிவிட்டால் கொட்டாமல் சிந்தாமல் வரும். ஆனால் தொடர்வரிசைக்கு வீடியோ பார்த்தால் ‘புரிஞ்சுது சித்தி’ என்பாள், போனை வாங்கிக்கொண்டு போடச் சொன்னால் முதல் வரியிலேயே முழிப்பாள். கேள்வியைப் படம் எடுத்தால் விடையைப் படிப்படியாகக் காட்டும் செயலிகள் கைடுக்கு அண்ணன்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த +1 எப்படித்தான் ஏறியது? பொங்கல் லீவில் அப்பா வந்திருந்தார், பிள்ளைகளுக்கு அப்புச்சி. அவர் படித்தது எட்டாவது வரைக்கும். திண்ணையில் உட்கார்ந்து இவள் அதே கணக்கைத் திரும்பத் திரும்ப அடித்து எழுதுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“ஏங்கண்ணு, 294 அடி நீளத்துக்கு வேலி. 7 அடிக்கு ஒரு கல்லு. எத்தன கல்லு வாங்கோணும்?”

“42, அப்புச்சி.”

“அப்ப மொதக் கல்ல ஆரு நடறது?”

அவள் பேசவில்லை. நோட்டின் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள், 21 அடி என்று குறித்தாள், மூன்று இடைவெளி, எண்ணிப் பார்த்தால் நாலு கல். 42 என்பது இடைவெளி, கல் 43. அதோடு விட்டிருந்தால்கூடப் போதும், ஆனால் அவளே திருப்பிக் கேட்டாள்: “காட்டைச் சுத்தி வேலி போட்டா?” அப்பா சிரித்துக்கொண்டே, “சுத்தி வந்தா மொதக் கல்லும் கடைசிக் கல்லும் ஒண்ணுதானே, 42 போதும்” என்றார். +1 எங்கே வரும், எங்கே வராது என்று இதுவரை எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அப்புறம் அந்தத் தப்பை அவள் செய்யவில்லை.

எல்லார் வீட்டிலும் வேலி போட்ட அப்புச்சி இருப்பாரா என்றால் இருக்க மாட்டார். அவர் செய்த வேலையை நானும் செய்யலாம், நீங்களும் செய்யலாம்: விடையைச் சொல்லாமல், எண்களைச் சின்னதாக்கி, ஒரு கேள்வி கேட்பது. அதற்குக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, ‘இந்த வரி எப்படி வந்துச்சு, சொல்லு’ என்று எதிரில் உட்கார்ந்தால் பாதித் தப்பு அவர்கள் வாயிலேயே வந்து விழும். ஆகவே என் கணக்கில் முதல் இடம் பாடநூலுக்கும் ஒரு ஆளுக்கும்தான். பயிற்சிக் கணக்குகளைவிடப் புத்தகத்தின் எடுத்துக்காட்டுகளைத் தீர்வை மூடிவைத்துப் போடச் சொல்லுங்கள், அது இன்னும் நல்ல வழி. ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் இருக்கும் அலகுப் பயிற்சியைப் பெரும்பாலான பிள்ளைகள் தொடுவதே இல்லை, நல்ல கணக்குகள் அங்கேதான் கிடக்கின்றன.

பழைய வினாத்தாளுக்கு இரண்டாம் இடம், ஆனால் டிசம்பருக்கு அப்புறம்தான். வாங்கும்போது வருடத்தைப் பாருங்கள். இப்போதுள்ள பத்தாம் வகுப்புப் புத்தகம் 2019–20இல் வந்தது. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவில் பொதுத்தேர்வு போயிற்று, எல்லாரும் தேர்ச்சி. ஆக, இந்தப் புத்தகத்தில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதம்தான், அதுவும் குறைத்த பாடத்திட்டத்தில். ‘பத்து வருட வினாத்தாள்’ என்று தடியாக விற்பதை வாங்கினால் 2019 வரைக்கும் உள்ளது பழைய புத்தகம், நான் ஏமாந்து வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன். வாங்கிய தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதவைக்க வேண்டும், சோபாவில் சாய்ந்துகொண்டு ‘இது தெரியும், இது தெரியும்’ என்று புரட்டுவதில் பிரயோசனம் இல்லை.

மகன் விஷயம் வேறு. அவன் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதப்போகிறான். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000. இரண்டு தாள், ஒன்று மனத்திறன், இன்னொன்று பாடத்திலிருந்து. ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, 90 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்.

இங்கே என் வரிசை தலைகீழாகிவிடுகிறது. மனத்திறனுக்குப் பள்ளிப் பாடநூல் கிடையாது, ஆகவே பழைய வினாத்தாள்தான் முதல். 1, 2, 4, அடுத்தது என்ன? இரட்டிப்பாக்கினால் 8. கூட்டுவதை ஒவ்வொன்றாக ஏற்றினால் 7. இரண்டும் சரி. தாளில் கொடுத்திருக்கும் நாலு விடைகளில் எது இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். குறுக்குவழி வீடியோ ஒன்றில் எப்போதும் இரட்டிப்புதான் என்று கற்றுக்கொண்டு வந்து, 7 மட்டும் இருந்த கேள்வியில் மூன்று நிமிடம் உட்கார்ந்திருந்தான். தப்பான விடைக்கு மார்க் கழிக்க மாட்டார்கள், தெரியாததைக் குறித்துவிட்டு நகர் என்று சொல்ல வேண்டியிருந்தது. கண்ணாடியில் தெரியும் கடிகாரக் கணக்குக்கு மட்டும் கண்ணாடி முன்னால் கடிகாரத்தைப் பிடித்துக் காட்டினேன். 3:40 அங்கே 8:20 ஆயிற்று. இரண்டையும் கூட்டினால் 12 மணி என்று அவனே கண்டுபிடித்தான். அதை எழுதி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறான்.

டியூஷனை இந்த மாதத்தோடு நிறுத்தப்போகிறோம், அக்காவுக்குத்தான் இன்னும் மனசு வரவில்லை. கைடு அலமாரி மேல்தட்டில் இருக்கிறது. ஸ்டூல் போட்டால் அவளுக்கு எட்டும் என்று எனக்குத் தெரியும்.