நல்லூர் டெரிவேட்டிவ்ஸ் சட்ட வகுப்பு: 3,500 ரூபாவுக்குப் பெறுமதியா?

அமெரிக்காவில் டெரிவேட்டிவ்ஸ் (எண்ணெய், பங்கு போன்றவற்றின் விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள்) ஒழுங்குமுறையில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிற ஒரு சட்டத்தரணி நல்லூரில் எடுக்கிற ஞாயிறு வகுப்பு இது. சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும் கணக்காளர்களுக்கும் என்றுதான் நோட்டீசில் இருந்தது, ஆனால் வந்ததில் பாதிப்பேர் போனில் ஃபொரெக்ஸ் விளையாடுகிற பொடியன்கள். எதை வாங்குவது, எப்போது விற்பது என்று சொல்லித் தருவார் என நம்பி வந்தவர்கள் தேத்தண்ணி இடைவேளையோடு கழன்றுவிட்டார்கள், நல்லதுக்குத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டிய பகுதி அருமை. எடுத்துக்கொண்டது நவீந்தர் சராவோ வழக்கு. 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தை சில நிமிடங்களில் சரிந்து எழும்பியதே, அதோடு தொடர்புபடுத்தப்பட்டவர். இருந்தது லண்டன் ஹவுன்ஸ்லோவில், தாய் தகப்பன் வீட்டில். (லண்டனில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே ஏது, எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.) அவர் மேல் இருந்த குற்றச்சாட்டு ஸ்பூஃபிங், அதாவது பொய் ஓர்டர் போட்டுச் சந்தையை ஏமாற்றுவது. ஓர்டரைப் போட்டுவிட்டு இரத்துச் செய்வது குற்றமில்லை, போடும்போதே இரத்துச் செய்யும் எண்ணத்தோடு போட்டால்தான் அது ஸ்பூஃபிங். 2010 டொட்-ஃபிராங்க் சட்டம் அதைப் பெயர் சொல்லித் தடை செய்தது. சரி, எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? ஓர்டர்களின் நேரப் பதிவை வரி வரியாகத் திரையில் ஓட்டிக் காட்டி, மென்பொருள் எழுதிக் கொடுத்தவருக்குச் சராவோ அனுப்பிய மின்னஞ்சல்கள் ஏன் முக்கியமாகின என்று சொன்னபோதுதான் இந்த வேலை என்னவென்று விளங்கியது. சி.எஃப்.ரி.சி. (டெரிவேட்டிவ்ஸ் சந்தையைக் கண்காணிக்கிற அமெரிக்க ஆணைக்குழு) போடக்கூடியது சிவில் வழக்கு மட்டும், சிறைக்கு அனுப்ப வேண்டுமென்றால் நீதித் திணைக்களம் வரவேண்டும் என்பதும் எனக்குப் புதுசு.

தொழில் பற்றியும் மறைக்காமல் கதைத்தார். ஆணைக்குழுவில் சில வருடம் இருந்துவிட்டு வங்கிகளுக்காக வாதாடப் போவது அங்கே வழமையாம். ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப சேர், நீங்கள் எந்தப் பக்கம்?" என்று நேரேயே கேட்டாள். "ரெண்டு பக்கமும் நிண்டிருக்கிறன்" என்று சிரித்தார்.

குறை என்றால், நம்முடைய பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் ஹெட்ஜிங் (விலை ஏற்ற இறக்கத்திலிருந்து தப்ப முன்கூட்டியே செய்துகொள்ளும் ஒப்பந்தம்) கதையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். எண்ணெய் விலை ஏறினால் வங்கி தருவதற்கு எல்லை உண்டு, இறங்கினால் நாங்கள் கொடுப்பதற்கு எல்லை இல்லை, அப்படியொரு ஒப்பந்தம். 2008 ஜூலையில் 147 டொலர் வரை போன பீப்பாய் டிசம்பரில் 40க்குக் கீழே வந்தது. கொழும்பில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவை நிறுத்தச் சொன்னது, ஆனால் 2011இல் லண்டன் நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 16 கோடி டொலருக்கு மேல் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. இலங்கைப் பிள்ளைக்கு இதைவிடப் பாடம் வேறென்ன வேண்டும், அதற்கு அரை நாளே ஒதுக்கியிருக்கலாம்.

கையேட்டு எழுத்து கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவு சின்னன், தேத்தண்ணியும் சுகமில்லை. சட்டம் படிக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். ஃபொரெக்ஸ் பொடியன்கள் காசை மிச்சம் பிடியுங்கள். போகிறவர்கள் ஹெட்ஜிங் பற்றிக் காலையிலேயே கேட்டுவிடுங்கள், பின்னேரம் அவருக்கு நேரம் போதாது.