சாக்லேட் டிரிப்: எந்தக் கலவை எந்தக் கேக்குக்கு?

கேக்கின் மேல் விளிம்பிலிருந்து சாக்லேட் வழிந்து, பக்கவாட்டில் பாதி தூரம் இறங்கி நின்றுவிட்டதுபோல் செய்யும் டிரிப் அலங்காரம் 2010-களின் நடுப்பகுதியில் இன்ஸ்டாகிராம் வழியாக உலகெங்கும் பரவியது. நம் வீடுகளிலும் பிறந்தநாள் கேக் என்றாலே இன்று அது ஏறக்குறைய எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் அதற்கான செய்முறைகளில் பெரும்பாலானவை, குளிர்ச்சியான அறையும் 35 சதவீதக் கொழுப்புள்ள கிரீமும் கைவசம் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ மே மாதப் பிற்பகலில், மின்விசிறி மட்டும் சுழலும் சமையலறையில் அவற்றை அப்படியே பின்பற்றினால், சாக்லேட் கேக்கின் அடித்தட்டு வரை ஓடிக் குட்டையாகத் தேங்கும். எனவே இங்கே ஒப்பிட வேண்டியது எந்தக் கலவை அழகாகப் பளபளக்கிறது என்பதை அல்ல. டிரிப் ஊற்றிய பிறகு அந்தக் கேக் எத்தனை மணி நேரம், எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதே முதல் கேள்வி. கலவையை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் சாக்லேட்டைப் பார்ப்போம். கடைகளில் கேக் வேலைக்கென்று கட்டியாகக் கிடைப்பவை இரு வகை. ஒன்று, கோகோ வெண்ணெய் சேர்ந்த உண்மையான சாக்லேட். தொழில்முறையில் இதன் உயர்தர வடிவத்தைக் கூவெர்ச்சர் என்பார்கள். மற்றொன்று, கோகோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைவிதை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பும், கோகோ தூளும், சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் காம்பவுண்ட். மோர்டே போன்ற நிறுவனங்களின் டார்க் காம்பவுண்ட் கட்டிதான் வீட்டு பேக்கர்களில் பலர் நாள்தோறும் பயன்படுத்துவது. அட்டையில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் இருக்கிறதா, ஹைட்ரஜனேற்றப்பட்ட தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும்.

சுவையில் இரண்டுக்கும் போட்டியே இல்லை. கோகோ வெண்ணெய் உடல் வெப்பநிலைக்குச் சற்றுக் கீழே, அதாவது ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் உருகுவதால் வாயில் போட்டவுடன் கரைந்து மணம் பரவுகிறது. காம்பவுண்டோ நாக்கின் மேல் ஒரு மெல்லிய மெழுகுப் படலத்தை விட்டுச்செல்கிறது. ஆனால் விலையில் இடைவெளி பெரிது. மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குறைந்ததால் 2024-இல் உலகச் சந்தையில் கோகோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்ப்பவர்களுக்கு அது நல்ல காலம், கூவெர்ச்சர் வாங்கும் வீட்டு பேக்கருக்கு அப்படி இல்லை. ஒரு கிலோ கேக்கின் டிரிப்புக்கு 100 கிராம் சாக்லேட் தாராளமாகப் போதும் என்பதால், வீட்டார் மட்டும் உண்ணும் கேக்கில் இந்தச் செலவைச் செய்யலாம் என்பேன். விற்பனைக்குச் செய்பவர்கள் காம்பவுண்டைத் தேர்வது நியாயமானதே.

ஒரு வழக்கத்தை மட்டும் கைவிட வேண்டும். சுவைக்குப் பாதி உண்மையான சாக்லேட், செலவுக்குப் பாதி காம்பவுண்ட் என்று இரண்டையும் சேர்த்து உருக்கி, கிரீம் சேர்க்காமல் ஊற்றுவது பலரிடம் உண்டு. பனைவிதைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. இரண்டும் கலந்த கலவை, தனித்தனியே இருப்பதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே இளகிவிடும். நாளாக ஆக மேற்பரப்பில் சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். நடுவழி என்று தோன்றுவது இங்கே இரண்டின் குறைகளையும் சேர்த்துக் கொடுக்கிறது.

சாக்லேட்டை எதைக் கொண்டு இளக்குவது என்பதில்தான் உண்மையான வேறுபாடு தொடங்குகிறது. கிரீம் சேர்த்தால் கிடைப்பது கனாஷ். அதில் நீர்தான் அடிப்படை ஊடகம், கொழுப்பு அதில் நுண்துளிகளாகப் பரவியிருக்கும். ஆகவே ஆறிய பிறகும் மென்மையாக இருக்கும், கத்தி வைத்தால் கேக்கோடு சேர்ந்து நேராக வெட்டுப்படும். எண்ணெய் சேர்த்து இளக்கிய காம்பவுண்டில் கொழுப்பே ஊடகம். அது குளிர்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும், வெட்டும்போது நொறுங்கித் துண்டு துண்டாக உதிரும். விரல் பட்டாலும் ஒட்டாது, பெட்டியின் மூடியில் உரசினாலும் கறை படியாது என்பது அதன் பலம்.

கனாஷிலும் எந்தக் கிரீம் என்பது முக்கியம். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதி நீர். ‘சாக்லேட்டும் கிரீமும் சம எடை’ என்ற பரவலான அளவு 35 சதவீதக் கிரீமுக்கு உரியது. அதே அளவை ஃப்ரெஷ் கிரீமில் பின்பற்றினால் கலவை நீர்த்து, வெயில் நாளில் நிற்காமல் ஓடும். 100 கிராம் டார்க் காம்பவுண்டுக்கு 75 கிராம் ஃப்ரெஷ் கிரீமில் தொடங்கி, தேவைப்பட்டால் ஒவ்வொரு தேக்கரண்டியாகக் கூட்டுவது பாதுகாப்பானது; கெட்டியான கனாஷை இளக்குவது எளிது, இளகியதைக் கெட்டியாக்க மீண்டும் சாக்லேட் உருக்க வேண்டியிருக்கும். ஒரு தேக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ் சேர்த்தால் ஃப்ரிட்ஜில் வைத்த பிறகும் பளபளப்பு ஓரளவு நிற்கும். கிரீமைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி வரத் தொடங்கும்போதே இறக்கி, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் மூடி வைத்துப் பிறகு நடுவிலிருந்து கலக்க வேண்டும். அதிகச் சூட்டில் எண்ணெய் பிரிந்து திரிந்ததுபோல் ஆனால், ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்கினால் பெரும்பாலும் மீண்டும் ஒன்றுசேர்ந்துவிடும்.

கேக்கின் மேல் பூசுவதற்கென்று வாங்கிய தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமில் மீதமானதை அடிக்காமலே கனாஷுக்குப் பயன்படுத்துவோரும் உண்டு. அது வெப்பத்தைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். வாங்கிய பொருள் வீணாகாது. ஆனால் அதில் ஏற்கெனவே சர்க்கரை இருப்பதால், இனிப்பு மிகுந்த காம்பவுண்டோடு சேரும்போது திகட்டுகிறது. ரசனையில் நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். உப்பில்லாத வெண்ணெய் சேர்த்து இளக்குவது சுவைக்கு நல்லது, கண்ணாடிபோல் மின்னும். ஆனால் வெண்ணெய் உருகும் வெப்பமும் நம் கோடை அறையின் வெப்பமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், குளிரூட்டிய அறைக்கு வெளியே அது பயன்படாது.

எண்ணெயில், 100 கிராம் காம்பவுண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தேக்கரண்டி மணமற்ற ரீஃபைண்ட் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையும் இயல்புடையது. ஃப்ரிட்ஜில் வைத்தால் டிரிப் சட்டென்று இறுகிப் பளிச்சென்று நிற்கும். செக்கில் ஆட்டியதாக இருந்தால் மணம் சாக்லேட்டை மீறிவிடும் என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். உண்மையான சாக்லேட்டை எண்ணெயில் இளக்கி ஊற்றுவது இந்த அலசலிலேயே மிக மோசமான இணை. முறைப்படி டெம்பர் செய்யாத, அதாவது உருக்கிக் குறிப்பிட்ட வெப்பநிலைகளில் ஆற்றிப் பதப்படுத்தாத கோகோ வெண்ணெய் சரியாக இறுகாமல், பிசுபிசுத்து, பின்பு வெளுத்துப்போகும். கனாஷில் டெம்பர் செய்யும் தொல்லை இல்லை, அதனால் கூவெர்ச்சரின் இடம் கிரீமோடுதான்.

கடலோர ஊர்களில் இன்னொரு சோதனை உண்டு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேக்கின் மேல் சில நிமிடங்களில் நீர் முத்துக்கள் பூக்கும். கனாஷ் அந்த நீரை ஓரளவு உறிஞ்சிக்கொண்டு பளபளப்பை இழந்து மங்கும். எண்ணெய்க் காம்பவுண்டில் நீர் தனித்தனித் துளிகளாக நிற்கும், மெல்லிய காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிடலாம். ஆகவே மண்டபத்துக்கு வண்டியில் ஒரு மணி நேரம் போய், அங்கே மேசையில் இன்னொரு மணி நேரம் காத்திருக்கும் கேக் என்றால், சுவையில் சற்று விட்டுக்கொடுத்து எண்ணெய்க் காம்பவுண்டையே தேர்வேன். வீட்டுக் கூடத்தில் பாட்டுப் பாடி உடனே வெட்டப்போகும் கேக்குக்கு ஃப்ரெஷ் கிரீம் கனாஷை விட்டு வேறு எதையும் நாட வேண்டியதில்லை.

எந்தக் கலவையாயினும், டிரிப் பாதியில் நிற்பதும் அடிவரை ஓடுவதும் வெப்பநிலையைப் பொறுத்தது. கேக் குறைந்தது அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்து நன்கு குளிர்ந்திருக்க வேண்டும். கனாஷ் 30 முதல் 32 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்த பக்கத்தைத் தொட்டதும் கொழுப்பு இறுகத் தொடங்கி ஓட்டத்தை நிறுத்துவதே இதன் இயக்கம். ‘அறை வெப்பத்துக்கு ஆறவிடவும்’ என்ற வரி இங்கேதான் ஏமாற்றுகிறது, ஏனெனில் அறையே 34 டிகிரியில் இருக்கும்போது கனாஷ் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தேவையான அளவுக்கு ஆறாது. கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் இருத்தி, நீர் உள்ளே தெறிக்காமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் எவர்சில்வர் டம்ளரை ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, அதைக் கவிழ்த்து அதன் விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். அடிவரை ஓடினால் இன்னும் ஆற வேண்டும். ஓர் அங்குலம்கூட இறங்காமல் உருண்டு நின்றால் கூடுதலாக ஆறிவிட்டது. எண்ணெய்க் காம்பவுண்ட் இந்தச் சோதனையில் கனாஷைவிட வேகமாக இறுகும் என்பதால், அதை ஊற்றும்போது தயங்கி நிற்க நேரமில்லை.

கரண்டியா, பைப்பிங் பேக்கா என்ற விவாதத்துக்கு அதிக இடம் தேவையில்லை. சாஸ் ஊற்றும் பிளாஸ்டிக் குப்பியோ, நுனியைச் சிறிதாக வெட்டிய பைப்பிங் பேக்கோ இருந்தால் ஒவ்வொரு வழிவின் நீளத்தையும் அழுத்தத்தால் கட்டுப்படுத்தலாம். கரண்டியில் அந்தக் கட்டுப்பாடு குறைவு, ஆனால் ஒழுங்கற்ற நீளங்கள் இயல்பாக அமையும். இரண்டிலும் முதலில் ஓரங்களை முடித்துவிட்டுப் பிறகே நடுவில் ஊற்றிப் பரப்ப வேண்டும். நடுவில் முதலில் ஊற்றினால் அதன் எடையே விளிம்பைத் தாண்டித் தள்ளிவிடும். அடியில் பூசியிருப்பது விப்பிங் கிரீமாக இருந்தால், சூடான கனாஷ் அதைக் கரைத்துப் பள்ளம் விழச்செய்யும். பட்டர் கிரீம் குளிரில் கெட்டியாக இறுகிவிடுவதால் சற்றுக் கூடுதல் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும்.

சாக்லேட் கட்டியே வீட்டில் இல்லாத நாளில், கோகோ தூள், சர்க்கரை, பால், வெண்ணெய் நான்கையும் அடுப்பில் காய்ச்சிச் செய்யும் குழம்பு கைகொடுக்கும். 3 மேசைக்கரண்டி கோகோ தூளுக்கு அதே அளவு சர்க்கரையும் பாலும், இறக்கும்போது 2 மேசைக்கரண்டி வெண்ணெயும் சேர்த்தால் சிறிய கேக்கின் மேற்பரப்புக்குப் போதும். கோகோவின் கசப்பு தெளிவாக இருப்பதால் சுவையில் இது காம்பவுண்ட் கனாஷை மிஞ்சும் என்பது என் எண்ணம். ஆனால் இதில் இறுகக்கூடிய கொழுப்பு குறைவு. கூர்மையான, தனித்தனி வழிவுகள் அமைவது அரிது, அன்றே உண்டு முடித்துவிட வேண்டும்.

வண்ண டிரிப்புக்கு வெள்ளைக் காம்பவுண்டே அடிப்படை, அதற்குக் கிரீம் இன்னும் குறைவு: 100 கிராமுக்கு 35 முதல் 40 கிராம். வெள்ளையில் கோகோ திடப்பொருள் இல்லாததால் அது டார்க்கைப்போல் கெட்டிப்படாது, அடுப்பின் சூட்டில் விரைவாகக் கட்டியும் தட்டும். கனாஷாகச் செய்தால் ஜெல் வண்ணம் தடையின்றிக் கலக்கும். எண்ணெயில் இளக்கியதில் நீர் கலந்த எந்த வண்ணத்தை ஒரு துளி விட்டாலும் சாக்லேட் உடனே திரண்டு மணல்போல் ஆகிவிடும், அதற்கு எண்ணெய் வண்ணம் மட்டுமே பொருந்தும். அடர்ந்த சிவப்போ கறுப்போ வேண்டுவோர் வண்ணத்தைக் கொட்டிக்கொண்டே போகாமல், கலவையைச் சில மணி நேரம் மூடி வைத்தால் நிறம் தானாகவே ஆழமாகும். கறுப்புக்கு டார்க் காம்பவுண்டிலிருந்தே தொடங்கினால் பாதி வண்ணம் மிச்சமாகும்.