யுன், சுன்-லீ, கென்: தேர்டு ஸ்ட்ரைக்கில் முதலிடம் யாருக்கு?

கேப்காம் நிறுவனம் 1999-ஆம் ஆண்டு ஆர்கேட் எனப்படும், காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்கு வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்டு ஸ்ட்ரைக்' என்ற, இருவர் மோதும் சண்டை விளையாட்டில் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய கதாபாத்திரங்கள் 19. அவற்றுள் யுன், சுன்-லீ, கென் ஆகிய மூவரே மேல் அடுக்கில் இருப்பவர்கள் என்பதில், ஜப்பானிலும் சரி, அமெரிக்காவிலும் சரி, போட்டிகளில் தீவிரமாக ஆடுபவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஷானும் ட்வெல்வும் அடித்தட்டில் கிடக்கிறார்கள் என்பதையும் யாரும் மறுப்பதில்லை. வாதம் முழுவதும் அந்த மூவரை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதைப் பற்றியதுதான். இன்றைய சண்டை விளையாட்டுகளில் தயாரிப்பு நிறுவனமே அடிக்கடி ஒருவரின் பலத்தைக் கூட்டி, மற்றவரின் பலத்தைக் குறைத்துவிடுவதால், ஒரு தரவரிசைப் பட்டியல் முதிர்வதற்குள் காலாவதியாகிவிடுகிறது. தேர்டு ஸ்ட்ரைக்கின் ஆர்கேட் பதிப்பிலோ 1999-க்குப் பிறகு அத்தகைய திருத்தம் எதுவும் வரவில்லை. கால் நூற்றாண்டாக ஒரே விதிகளின்கீழ் ஆடப்பட்டு, ஒவ்வொரு மூலையும் துருவப்பட்ட ஆட்டம் இது. அதனால்தான் கதாபாத்திரங்களின் வலிமையை எப்படி அளப்பது என்ற கேள்வியை அடிவரை சென்று ஆராய இதைவிடப் பொருத்தமான களம் எனக்குத் தெரியவில்லை.

மூவரையும் ஒப்பிடுவதற்கு முன் இந்த ஆட்டத்தின் உயிர்நாடியான பேரியைப் புரிந்துகொள்ள வேண்டும். எதிராளியின் அடி உடலில் படும் கணத்தில் ஸ்டிக்கை முன்னோக்கியோ கீழ்நோக்கியோ தட்டினால், அந்த அடி எந்தச் சேதமும் இல்லாமல் விலக்கப்படும். விலக்கியவர் உடனே திருப்பித் தாக்கலாம். இதற்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். ஆனாலும் இந்த ஒரு வசதி, தொலைவிலிருந்து நெருப்புப் பந்தை வீசியே எதிராளியை அடக்கிவைக்கும் பழைய ஆட்டமுறையின் முதுகெலும்பை முறித்துவிட்டது. முந்தைய ஆட்டங்களில் கோலோச்சிய ரியூ இதில் முதல் மூவருக்குள் வராமல் போனதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். பேரியால் விலக்க முடியாதது ஒன்று உண்டு; அது பிடித்து எறியும் த்ரோ. இந்த வேறுபாட்டுக்கு வழக்கமான பட்டியல்கள் போதிய மதிப்பளிப்பதில்லை என்பதே என் கருத்து. என் வரிசையும் பெருமளவு இதை ஒட்டியே அமைகிறது.

தரவரிசை போடுவதற்கு ஜப்பானிய ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை 'டயகிராம்' எனப்படும் அட்டவணை. இரு கதாபாத்திரங்களைச் சம திறனுள்ள இருவர் பத்து முறை மோதவிட்டால் யார் எத்தனை வெல்வார் என்று மதிப்பிட்டு, 6-க்கு 4, 7-க்கு 3 என்று கட்டங்களை நிரப்புவார்கள். பிறகு ஒவ்வொருவருடைய எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகையின் இறங்குமுகத்தில் அடுக்குவார்கள். 18 எதிராளிகள் என்பதால் மொத்தம் 180. அதில் 90 பெற்றவர் சராசரியானவர். முறை நேர்மையானதுதான். ஆனால் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் பத்து எளிய எதிராளிகளிடம் 7, ஆறு பேரிடம் 5, முதன்மையான இருவரிடம் 4 என்று பெற்றால் அவருடைய மொத்தம் 108. இன்னொருவர் பதினாறு பேரிடமும் சராசரியாக 5.5, அந்த முதன்மை இருவரிடம் தலா 6 பெற்றால் மொத்தம் 100. பட்டியலில் முதலாமவர்தான் மேலே நிற்பார். ஆனால் ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்றுகளில் எஞ்சியிருப்பவர்கள் அந்த முதன்மையானவர்களையே கையாளுபவர்கள் என்றால், அங்கே நான் இரண்டாமவரைத்தான் நம்புவேன். சுன்-லீயா யுன்னா என்ற வாதத்தில் இரு தரப்பும் பெரும்பாலும் இந்த இருவேறு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒருவரையொருவர் மறுக்கின்றன.

சுன்-லீயை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3-இன் முந்தைய இரண்டு பதிப்புகளிலும் இல்லாத அவர் தேர்டு ஸ்ட்ரைக்கில்தான் சேர்க்கப்பட்டார். சேர்ந்த வேகத்தில் உச்சிக்குப் போனார். வேகமான நடை, பின்னோக்கி ஸ்டிக்கைத் தள்ளி வலுவான குத்தை அழுத்தினால் நீண்டு செல்லும் உள்ளங்கை அடி, குனிந்தபடி விடும் நடுத்தர உதை ஆகிய மூன்றும் சேர்ந்து எதிராளியை அவர் விரும்பிய தொலைவிலேயே நிறுத்திவைக்கின்றன. ஆட்டத் தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தமக்குரிய மூன்று சூப்பர்களில், அதாவது மீட்டர் என்ற ஆற்றல் பட்டை நிரம்பியதும் விடக்கூடிய பெருந்தாக்குதல்களில், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. சுன்-லீ ஆட்டக்காரர்கள் எடுப்பது இரண்டாவதான ஹோயோகுசென். இரண்டு முறைக்கான மீட்டரைச் சேர்த்துவைக்க இடம் தரும் இந்தச் சூப்பரை, குனிந்து விட்ட உதை பட்டதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்ட பின்னரே தொடங்கலாம். உதை தடுக்கப்பட்டால் சூப்பரை விடாமல் இருந்துவிடலாம், இழப்பு ஏதுமில்லை. சூப்பரின் அடித்தொடர் முடிவில் எதிராளி மேலே தூக்கி எறியப்படுவதால், எழும்பிச் சென்று மேலும் சில அடிகளைச் சேர்க்கவும் முடிகிறது. ஆக, மீட்டர் நிரம்பிய சுன்-லீயின் எதிரே நிற்பவருக்கு, சாதாரணமாகப் பொருட்படுத்தத் தேவையில்லாத ஓர் உதை, உயிர்ப்பட்டையில் கணிசமான பகுதியைப் பறிக்கும் அச்சுறுத்தலாக மாறிவிடுகிறது.

இந்த வலிமை எல்லா எதிராளிகளிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி செல்லுபடியாகிறது என்பதுதான் சுன்-லீயின் பெருஞ்சிறப்பு. குட்டையான கைகால்களை உடையவர்களும் மெதுவாக நகருபவர்களும் அவரை நெருங்கவே திணறுகிறார்கள். கீழ்த்தட்டுக் கதாபாத்திரங்களை இவ்வளவு இரக்கமின்றி நசுக்குபவர் வேறு எவருமில்லை. கூட்டுத்தொகை முறையில் அவரை முதலிடத்தில் வைப்பவர்களைக் குறைசொல்ல என்னால் இயலாது.

யுன்னின் ஆட்டம் முற்றிலும் வேறு இயல்பினது. மீட்டர் இல்லாத யுன் நல்ல கதாபாத்திரம், அவ்வளவுதான். மேலிருந்து சாய்வாகப் பாயும் உதையும் விரைந்த ஓட்டமும் அவரை உள்ளே கொண்டுசேர்த்தாலும், தனித்தனி அடிகளின் சேதம் குறைவு. மூன்றாவது சூப்பரான கெனேய் ஜின் தயாரானதும் நிலைமை தலைகீழாகிறது. அதை இயக்கியபின் சில விநாடிகளுக்கு அவருடைய அடிகள் வேகம் பெற்று, ஒன்றோடொன்று வழக்கத்துக்கு மீறிப் பின்னிக்கொள்கின்றன. ஒரேயொரு அடி பட்டாலும் எதிராளி தரைக்கு வராமலேயே ஆடுகளத்தின் மூலைவரை எடுத்துச்செல்லப்படுவார். அங்கே முடியும் தொடர் பாதி உயிரை நெருங்கும் சேதத்தை விளைவிக்கக்கூடியது. இவ்வளவு பயங்கரமான ஆயுதத்துக்கு மீட்டரின் நீளம் அதிகமாக இருந்திருந்தால் சமன்பட்டிருக்கும். வடிவமைத்தவர்கள் அதையும் குட்டையாக வைத்துவிட்டார்கள். காற்றில் வீசும் வெற்று அடிகளுக்கும் மீட்டர் ஏறும் ஆட்டம் இது என்பதால், யுன் தொலைவில் நின்று கைகளை வீசிக்கொண்டே அதை நிரப்பிவிடுவார். ஒரு சுற்றில் ஒருமுறைக்கு மேலும் கெனேய் ஜின்னைச் சந்திக்க நேர்வது அரிதன்று.

இனி இருவரையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கலாம். சுன்-லீ தம் வெற்றியைச் சிறுசிறு அடிகளாகச் சேர்ப்பவர். ஒரு சுற்றை வெல்ல அவர் எத்தனையோ முறை கையையும் காலையும் நீட்ட வேண்டும். நீட்டும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்குப் பேரி செய்ய ஒரு வாய்ப்பு. யுன் தம் வெற்றியை ஒரே இடத்தில் குவித்துவைத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஓர் அடி படுவது மட்டுமே. பட்டபின் தொடரின் நடுவே பேரிக்கு இடமில்லை. அந்த ஓர் அடியை எதிர்பார்த்து எதிராளி பேரியை முயன்றாலோ, தடுத்துக்கொண்டு உட்கார்ந்தாலோ, யுன் தம் சிறப்புத் த்ரோவால் அவரைப் பிடித்து, முதுகுப்பக்கம் நகர்ந்து, அங்கிருந்தே தொடரை ஆரம்பித்துவிடலாம். பேரியையே முதன்மைத் தற்காப்பாகக் கொண்ட ஆட்டத்தில், அந்தத் தற்காப்புக்குத் தம்மை மிகக் குறைந்த முறை மட்டும் ஆட்படுத்திக்கொள்பவருக்கே மேலிடம் தர வேண்டும் என்பது என் முடிவு. சுன்-லீயிடமும் சிறந்த த்ரோ உண்டே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவருடைய த்ரோ ஓரளவு உயிரைக் குறைத்து, எதிராளியைக் கீழே தள்ளுவதோடு நிற்கிறது. யுன்னின் த்ரோ சுற்றையே முடிக்கவல்ல தொடருக்கு வாசல் திறக்கிறது. ஆகவே முதலிடம் யுன்னுக்கு, மிகச் சிறிய இடைவெளியில் இரண்டாமிடம் சுன்-லீக்கு என்றே நான் வரிசைப்படுத்துவேன்.

இதற்கு ஒரு நிபந்தனையையும் சேர்த்தாக வேண்டும். இந்த வரிசை கெனேய் ஜின் தொடர்களை, மூலைக்கு ஒன்று, நடுத்திடலுக்கு ஒன்று, எதிராளியின் உடலமைப்புக்கு ஏற்ப ஒன்று என்று பிழையின்றிச் செய்யக்கூடியவர்களுக்கானது. அந்தப் பயிற்சி இல்லாதவர் கையில் கெனேய் ஜின் பாதியிலேயே அறுந்துபோகும், மீட்டரும் வீணாகும். குனிந்த உதையைக் கண்டு சூப்பரை விடப் பழகுவது அதைவிடக் குறுகிய பயிற்சியில் கைகூடிவிடும் என்பதால், உள்ளூர்க் கூடத்தில் ஆடும் நடுத்தர ஆட்டக்காரர்களின் பட்டியலில் சுன்-லீயே முதலாவதாக இருப்பார். பட்டியல் போடுபவர் எந்தத் திறன்மட்டத்துக்காகப் போடுகிறார் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட்டால் பாதி வாதங்கள் எழவே எழா.

மூன்றாமிடத்தில் கென். அவரைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் அவருடைய பலம் தெளிவானது. எழும்பி வருபவரை வீழ்த்த ஷோர்யூகென் என்ற மேல்நோக்கிய குத்து, சற்று நகர்ந்தபடியே பிடித்துத் த்ரோவின் எல்லையை நீட்டும் உத்தி, பட்டதை உறுதிசெய்துகொண்டு விடக்கூடிய ஷிப்பு ஜின்ராய்க்யாகு என்ற சூப்பர், அதற்கு மூன்று முறைக்கான மீட்டர் இருப்பு என எல்லாச் சூழலுக்கும் அவரிடம் ஒரு விடை உண்டு. எந்த விடையும் மற்ற இருவருடையதைப் போல எதிராளியின் ஆட்டத்தையே மாற்றியமைப்பதில்லை. சுன்-லீயின் நீண்ட அடிகளுக்கு முன் அவர் பொறுமையைச் சோதிக்கும் போராட்டத்தை நடத்த வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் எதிர்வாதமாகத் தவறாமல் முன்வைக்கப்படுவது ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்பு. கலிபோர்னியாவின் பொமோனாவில் நடந்த அந்தப் போட்டியில், ஒரு சிறு அடி பட்டாலும் தோற்றுவிடும் நிலையிலிருந்த டைகோ உமெஹாராவின் கென்மீது ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ ஹோயோகுசென்னைப் பாய்ச்சினார். தடுத்தாலும் சூப்பரின் அடிகள் சிறிது சிறிதாக உயிரைத் தின்னும் என்பதால் தடுப்பு பயனற்றது. டைகோ அத்தனை அடிகளையும் ஒன்றுவிடாமல் பேரி செய்தார். கடைசி அடியைக் காற்றில் விலக்கிவிட்டு இறங்கி, தம் சூப்பரால் அந்தச் சுற்றை முடித்தார். கூடியிருந்தவர்களின் ஆரவாரத்தோடு அந்தக் காட்சி உலகெங்கும் பரவியது. தரவரிசை பொருளற்றது, திறமை ஒன்றே வெல்லும் என்பதற்கு அதையே சான்றாகக் காட்டுகிறார்கள். அந்தத் திறமைக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் அது இறுதிப் போட்டி அல்ல; ஒருமுறை தோற்றவர்கள் இறுதிப் போட்டிக்குத் தகுதிபெற மோதும் பிரிவின் கடைசி ஆட்டம். அதன் பிறகு நடந்த இறுதிப் போட்டியில் டைகோவை வென்று பட்டத்தைப் பெற்றவர் கென்ஜி ஒபாட்டா. அவர் ஆடியது யுன். முதல் மூன்று இடங்களையும் பிடித்தவை யுன், கென், சுன்-லீ. தரவரிசையைப் பொய்யாக்கியதாகக் கொண்டாடப்படும் அதே போட்டி, மேல் அடுக்கைத் தவிர வேறு எவரையும் மேடையேற விடவில்லை. அந்த அதிசயத்தை நிகழ்த்திய கென்கூட மூவரில் ஒருவர்தான்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. ஹயாவோ என்ற பெயரில் ஆடும் ஜப்பானியர், ஹியூகோ என்ற மிகப் பெரிய, மெதுவான மல்லனை வைத்துக்கொண்டு முன்னணி ஆட்டக்காரர்களை வீழ்த்தி வந்திருக்கிறார். ஹியூகோவின் பலம் எதில் இருக்கிறது என்று பார்த்தால், பேரி செய்ய முடியாத பிடிகளில். ஆகவே, பட்டியலை உடைத்ததாகக் கருதப்படும் அவருடைய வெற்றிகளும் த்ரோவின் மதிப்பை உயர்த்திப் பிடிக்கும் சான்றாகவே எனக்குப் படுகின்றன.

ஜப்பானில் நடத்தப்படும் கோஆப்பரேஷன் கப் போட்டியில் ஐந்து பேர் ஓர் அணி. அணிக்குள் ஒரே கதாபாத்திரத்தை இருவர் எடுக்க முடியாது. அங்கே ஓர் அணியில் மேல் அடுக்கின் மூவரும் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டால், நான்காமவரும் ஐந்தாமவரும் யார் என்பதே கேள்வியாகிறது. டட்லி, யூரியன், மகோட்டோ ஆகியோர் பெயர்கள் முன்வரும். டட்லி மூலையில் எதிராளியைச் சிக்கவைத்தால் கொடியவர், ஆனால் மூலைவரை தள்ளிச்செல்ல அவருக்கு நேரம் பிடிக்கும். யூரியனின் கண்ணாடிச் சுவர் போன்ற சூப்பர் அழகிய பொறிகளை அமைக்கவல்லது. அதற்கு மீட்டரும் சரியான இடமும் ஒருங்கே வாய்க்க வேண்டும். மகோட்டோ மெதுவாக நடந்தாலும் மின்னலாகப் பாய்ந்து நெருங்கி, கராகுசா என்ற பிடியால் கழுத்தைப் பற்றிவிட்டால் அதிலிருந்தே பெருந்தொடர் பிறக்கிறது. பேரி அங்கே உதவாது. நான்காமிடத்தை நான் மகோட்டோவுக்கே தருவேன். ஐந்தாமிடத்தை அணியின் ஐந்தாவது ஆட்டக்காரர் எவரை நெடுநாள் ஆடிப் பழகியிருக்கிறாரோ அவருக்கு விட்டுவிடலாம். டட்லிக்கும் யூரியனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அந்தப் பழக்கத்தைவிடச் சிறியது.