அம்மாவின் 90 நாள்: பிரசவத்துக்கா, கிட்டாவுக்கா?

ஜெர்மனியில் குடியிருக்கும் நாம் ஊரிலிருந்து அம்மாவை ஷெங்கன் என்கிற ஐரோப்பியக் குறுகிய கால விசாவில் வரவழைத்தால், 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். அப்பாவைத் தனியே விட்டுவிட்டு அடிக்கடி கிளம்ப எங்கள் அம்மாவால் முடியாது. மூத்தவளுக்குப் பிரசவத்தின்போதே வந்தார். இளையவனுக்கு, அவன் ஒரு வயதில் கிட்டா என்கிற குழந்தைகள் காப்பகத்தில் சேர்ந்தபோது வந்தார். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்கும் சுகமே தனி. பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் கிடத்தி ஊற்றிய வெந்நீர் என்று எதையும் நான் மறக்கவில்லை. ஆனால் மருத்துவர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் கழித்துத்தான் மகள் பிறந்தாள். முன்கூட்டியே வந்திருந்த அம்மாவுக்குக் காத்திருப்பிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

அந்த வாரங்களில் இங்கே வேறு துணையும் உண்டு. ஹெபாமெ என்கிற மருத்துவச்சி முதல் பத்து நாள் தினமும்கூட வீட்டுக்கு வருவார்; அப்புறம் 12 வாரம் வரை தேவைக்கேற்ப வருவார். செலவு அரசு மருத்துவக் காப்பீட்டினுடையது. குழந்தையைத் துணியில் தூளிபோலக் கட்டி, கைத்தராசில் மாட்டி எடை பார்ப்பார், தொப்புளைப் பார்ப்பார், நம் தையலையும் பார்ப்பார். வேலைக்குப் போகும் தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் 8 வாரம் சம்பளம் குறையாத விடுப்பும் உண்டு. கணவர் கூடவே இருப்பதில்தான் இப்போது சிக்கல்: 2024 ஏப்ரலிலிருந்து பிறந்த குழந்தைகளுக்கு, எல்டெர்ன்கெல்ட் என்கிற பெற்றோர் உதவித்தொகையை முழுதாகப் பெற்றோர் இருவரும் சேர்ந்து வாங்க, பொதுவாக முதல் ஆண்டில் ஒரு மாதம்தான் அனுமதி.

கிட்டா தொடங்கும்போது யாரும் வீட்டுக்கு வருவதில்லை. ஒரு வயதான குழந்தைக்கு இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. இடம் கிடைப்பது வேறு கதை. கிடைத்தாலும் முதல் சில நாள் நாமும் அறை மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம், அரை மணி நேரம் என்று பிரிந்து பழக்குவார்கள். அது முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரமே சளி, அடுத்து காய்ச்சல், அடுத்து வயிற்றுப்போக்கு. "வந்து கூட்டிக்கொண்டு போங்கள்" என்று போன் வரும். அரசு காப்பீட்டில் இருப்பவர்களுக்குக் குழந்தை நோய் விடுப்பு 2024, 2025இல் குழந்தை ஒன்றுக்குப் பெற்றோர் ஒருவருக்கு ஆண்டுக்கு 15 நாள். எங்களுக்கு அதைப் பெரும்பாலும் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர் அம்மாதான்.

தேதியும் கைக்குள் இருந்தது. கிட்டா ஒப்பந்தத்தில் சேரும் நாள் போட்டிருந்ததால் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பதற்றமே இல்லை.

சிசேரியன் என்று முன்பே தெரிந்தாலோ, இரட்டைக் குழந்தை என்றாலோ, கணவருக்கு விடுப்பே கிடைக்காது என்றாலோ யோசிக்காமல் பிரசவத்துக்கே கூப்பிடுங்கள். மற்றபடி என் ஓட்டு கிட்டாவுக்குத்தான். பேச்சு வரும் வயது அது. பகல் முழுக்க ஜெர்மன் கேட்டுவிட்டு வந்தவனை மடியில் வைத்து, உள்ளங்கையில் பருப்பு கடைந்து, அம்மா "நண்டூருது" விளையாடுவார். அவர் ஊருக்குப் போன மறுவாரம் வீடியோ அழைப்பில் பாட்டி முகம் தெரிந்ததும், இவன் உள்ளங்கையை விரித்துத் திரைக்கு நேராக நீட்டினான்.